கிணற்றடியில் இருந்து தொடங்குங்கள்: நிச்சயமான சோடியைப் படம் எடுப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் கலியாணம் நிச்சயமான சோடி ஒன்று உங்களிடம் வந்தால், "கசூரினா கடற்கரைக்குப் போவமா, கோட்டைக்குப் போவமா அண்ணா?" என்றுதான் கேட்பார்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். கமராவை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு பின்னேரம் இரண்டு பேரோடும் இருந்து தேத்தண்ணி குடியுங்கள். இதுதான் முதல் படி. என்னைக் கேட்டால் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

முதலில் எங்கே கண்டீர்கள், வீட்டில் யாரிடம் முதலில் சொன்னீர்கள், கோபத்தில் கதைக்காமல் இருந்த நாட்கள் உண்டா என்று கேளுங்கள். பதிலில் வருகிற இடங்களையும் பொருட்களையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். ரியூசன் வாசல், அவரின் பழைய சைக்கிள், நல்லூர்த் தேரன்று வாங்கிக் கொடுத்த காப்பு. "இவர் நல்லவர்" என்பதைப் படம் எடுக்க முடியாது. காப்பை எடுக்கலாம்.

நான் எடுத்த ஒரு சோடியின் கதை இது. அவர் ரொறன்ரோவில், அவ கோண்டாவிலில். இரண்டு வருசமும் போனிலேயே வளர்ந்த காதல். கோடைகாலத்தில் இங்கே காலை ஆறு மணி என்றால் அங்கே முதல்நாள் இரவு எட்டரை. வீட்டுக்குள் சிக்னல் நிற்காது என்பதால் அவ தினமும் கிணற்றுக்கட்டில் இருந்துதான் கதைப்பா. அங்கே எடுப்போம் என்றதும், "கிணத்தடியில என்னண்ணா கிடக்கு?" என்று தயங்கினா. போய்ப் பார்த்தேன். கட்டு முழுக்கப் பாசி. அவ இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சாண் அளவுக்குச் சீமெந்து தெரிந்தது. கதைக்கக் கதைக்க நகத்தால் சுரண்டியே அந்தப் பாசி போயிருந்தது. கசூரினாவில் எடுத்த படங்களும் வடிவுதான். ஆனால் அந்த வெறும் சீமெந்துக்கு மேல் இரண்டு கைகளும் இருக்கிற படத்தைக் கண்டுதான் அவவின் அம்மா அழுதா.

கதை கிடைத்ததும் ஒவ்வொரு இடத்திலும் மூன்று தூரத்தில் எடுக்கப் பழகுங்கள். முற்றமும் வேலியும் தெரிய அகலமாக ஒன்று. இருவரும் இடுப்பளவில் ஒன்று. கை, செருப்பு, படலைக் கொளுக்கி என்று கிட்ட ஒன்று. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முகத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு வருவார்கள். பிறகு அடுக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே படம்போல இருக்கும்.

வெளிச்சம். காலை எட்டு மணிக்கு முன்னும் பின்னேரம் நாலரைக்குப் பின்னும் எடுங்கள். நடுப்பகலில் மாட்டிக்கொண்டால் கோட்டை கைகொடுக்கும். வாசல் வளைவின் நிழல் முடிகிற விளிம்பில், வெளியே பார்த்தபடி நிறுத்துங்கள். வெயில் பட்ட முருகைக்கல் சுவர் எதிரே இருந்தால் முகத்தில் மென்மையான வெளிச்சம் விழும். அது தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ள இடம், அனுமதியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நல்லூர்க் கோயிலுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள். வெளிவீதியோடு நிற்பதுதான் மரியாதை. பண்ணைக் கடலோரத்தில் சூரியன் விழும் நேரம் அருமை, ஆனால் சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் காலத்தில் சேலைத் தலைப்பு ஒரு இடத்தில் நிற்காது. நாலைந்து ஊசி கூடக் கொண்டுபோங்கள்.

கமராவில் 50 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். பின்னணி மங்கட்டும் என்று லென்ஸின் துளையை எஃப் 1.8 அளவுக்கு அகலத் திறந்து வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது, அவவின் கண் துல்லியமாக, அரையடி பின்னால் நின்ற அவரின் முகம் மங்கலாகப் போய், நல்ல சிரிப்பொன்றை இழந்தேன். இருவர் நின்றால் எஃப் 2.8க்கும் 4க்கும் இடையில் வையுங்கள். ஷட்டர் வேகம் 1/250 செக்கன், சைக்கிள் ஓடினால் 1/500க்குக் குறையாமல். வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவைக் கமராவிடமே விடலாம்.

இனிக் கஷ்டமான பகுதி: கூச்சம். பெரும்பாலும் சின்னம்மாவோ தம்பியோ கூட வந்து நிற்பார்கள். அவர்களுக்கு முன்னால் "கட்டிப்பிடியுங்கோ" என்று சொன்னால் இரண்டு பேரும் மரமாகிவிடுவார்கள். போஸ் சொல்லாமல் வேலை கொடுங்கள். "தம்பி, ஒரு வாளி தண்ணி அள்ளுங்கோ. தங்கச்சி, நீங்கள் கயிற்றைப் பிடியுங்கோ." வாளி தளம்பித் தண்ணி காலில் கொட்டும். சிரிப்பு தானாக வரும், அப்போது அழுத்துங்கள். கூட வந்தவர்களையும் ஒதுக்காதீர்கள். வேலிக்குள்ளால் எட்டிப் பார்க்கிற சின்னம்மாவும் கதைக்குள் இருப்பவதான்.

கடைசியில் தெரிவு. முந்நூறு படத்தையும் கொடுக்காதீர்கள், இருபத்தைந்து போதும். எடுத்த நேரப்படி அல்லாமல் கதை நடந்தபடி அடுக்குங்கள். அந்தச் சோடிக்கு நான் முதலில் வைத்தது, காலை ஆறேகாலுக்கு அவ தனியாகக் கிணற்றுக்கட்டில் இருந்து போனைக் காதில் வைத்திருக்கும் படம். பிறகு படலை. பிறகு வாளி. கடைசிப் பக்கத்தில் இரண்டு போன்களும் கிணற்றுக்கட்டில் குப்புறக் கிடக்கின்றன. பின்னால் மங்கலாக அவர்கள் இருவரும்.