ஊருக்கு ஒரு சுகாதாரச் சேனல்: வாட்ஸ்அப்பில் தொடங்கி நடத்தும் முறை

சர்க்கரையை மூன்றே நாளில் விரட்டும் கஷாயம் பற்றிய ஃபார்வர்டு ஒரு மணி நேரத்தில் ஊர் முழுக்கச் சுற்றிவிடும். நாய் கடித்தால் ஊசி பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது, எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்பது மட்டும் யார் போனிலும் இருக்காது. அந்தத் தகவலைத் திரட்டி ஒரு வாட்ஸ்அப் சேனல் நடத்தும் வழி இது, திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களை மனதில் வைத்து எழுதியது. ஒரு போன், இரண்டு அட்மின்கள், கூகுள் ஷீட்ஸ் இருந்தால் போதும். செலவு பிரிண்ட் எடுக்கிற காசுதான்.

1. முதலில் பட்டியல்

சேனலை முதலில் திறந்துவிட்டால், போட ஒன்றும் இல்லாமல் குட் மார்னிங் படத்தில் வந்து நிற்கும். அதனால் ஷீட்டில் இருந்து ஆரம்பியுங்கள். ஏழு தலைப்புகள்: சேவை, இடம், கிழமை, நேரம், போன் எண், யாரிடம் கேட்டது, கேட்ட தேதி. கடைசி இரண்டும் இல்லாத பட்டியலை நம்பி ஒருவரை பஸ் ஏற்றி அனுப்ப முடியாது.

தகவலை நேரில் போய்க் கேளுங்கள். துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் முதலில், பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில். கூகுள் மேப்பில் இருக்கும் நேரத்தை அப்படியே எடுக்க வேண்டாம். அது யாரோ ஒருவர் போட்டதாக இருக்கலாம். தவறாக இருந்தால் அங்கேயே திருத்தம் அனுப்பிவிடுங்கள், வெளியூர்க்காரருக்கும் உதவும்.

கேள்வியைப் பிரித்துக் கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது. "நாய்க்கடி ஊசி இருக்கா?" என்றால் "இருக்கு" என்பார்கள். அது பாதி பதில். தடுப்பூசி வேறு, ரத்தம் வரும்படி ஆழமாகக் கடித்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசி வேறு. இரண்டாவது எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்காது. அதற்குத் தாலுகா ஆஸ்பத்திரியா, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியா என்று தனியாகக் கேட்டு எழுதுங்கள். பாம்புக்கடி மருந்து, பிரசவம், ஸ்கேன் எல்லாவற்றுக்கும் இதே கேள்வி: என்ன இருக்கிறது, ராத்திரியிலும் உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்?

புறநோயாளிச் சீட்டு பெரும்பாலும் காலையில்தான். டவுன் பஸ் நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். பத்தரை மணி பஸ்ஸைப் பிடித்து ஹைகிரவுண்ட் போகிறவருக்கு அன்றைய சீட்டு கிடைப்பது கஷ்டம்.

2. சேனல் திறத்தல்

வாட்ஸ்அப்பில் அப்டேட்ஸ் பக்கம், கூட்டல் குறி, புதிய சேனல். பெயரில் ஊர்ப் பெயர் கட்டாயம் வேண்டும். குரூப் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. குரூப்பில் எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரும் தெரியும். காசநோய், கர்ப்பம் என்று வந்தால் பெண்கள் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார்கள். சேனலில் ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது, அட்மின் மட்டுமே பதிவு போடுவதால் ஃபார்வர்டு குப்பையும் சேராது.

உடனே இரண்டாவது அட்மினைச் சேருங்கள். ஒரே போன் தொலைந்தால் சேனல் அநாதை. லிங்கின் கியூஆர் கோடைப் பிரிண்ட் எடுத்து ரேஷன் கடை, டீக்கடை, பஸ் ஸ்டாப்பில் ஒட்டுங்கள்.

3. என்ன போடுவது, எப்படி

ஆச்சிமாருக்கு எழுத்தைவிடக் குரல் போய்ச் சேரும். ஒரு நிமிடத்துக்குள், ஊர்ப் பேச்சில்:

"எல்லாருக்கும் வணக்கம். நாளைக்கு புதன்கிழமை, நம்ம துணை சுகாதார நிலையத்துல பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுதாவ. அட்டைய மறக்காம எடுத்துட்டு வாங்க. லேசா சளி இருந்தாலும் கூட்டிட்டு வாங்க, போடலாமா வேண்டாமான்னு நர்சம்மா பாத்துச் சொல்லுவாவ."

அதன் கீழே அதே தகவல் எழுத்தில், நான்கு வரி, தேதியோடு. தேதி இல்லாத பதிவு அடுத்த வருஷமும் சுற்றும்.

எண்களை மாதம் ஒருமுறை மறுபடி போடுங்கள்: ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, மனநல உதவிக்கு டெலி மனஸ் 14416. மற்றதைப் பருவம் பார்த்துப் போடலாம். ஐப்பசி மழை தொடங்கும் முன் டெங்கு: ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், ஆகவே தொட்டியையும் டிரம்மையும் வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும். பிசான நெல் அறுப்பு நேரத்தில் பாம்புக்கடி: இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, கடிபட்ட கை காலை அசைக்காமல் 108. பாம்பைப் பிடிக்க ஓட வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் போடும் மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்ந்த ஒன்றே.

முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஒரு தனிப் பதிவு வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோடு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரிப் பட்டியல் திட்டத்தின் இணையதளத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரி பெயர் அந்தப் பட்டியலில் இருந்தாலே எல்லா நோய்க்கும் செல்லும் என்று இல்லை. எந்தப் பிரிவுக்கு அனுமதி என்று பார்த்துவிட்டுத்தான் ஆளை அனுப்ப வேண்டும்.

4. இ-சஞ்சீவனி

வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் மத்திய அரசின் இலவச சேவை. தளத்திலோ ஆப்பிலோ போன் நம்பர், ஓடிபி, நோயாளி விவரம் கொடுத்து வரிசையில் சேர வேண்டும். வீடியோவில் பேசி முடித்ததும் மருந்துச் சீட்டைப் பதிவிறக்கலாம். சொதப்புவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, கேமரா, மைக் அனுமதி கொடுக்காமல் விட்டிருப்பார்கள். மற்றொன்று சிக்னல், களக்காடு, பாபநாசம் மலையடி ஊர்களில் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசினால் பாதியில் அறுந்துவிடும். சிக்னல் நிற்கும் இடத்தை முதலில் பார்த்து வையுங்கள். பழைய சீட்டு, டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்திருந்தால் பாதி நேரம் மிச்சம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கடி, விபத்துக்கு இது ஆகாது. 108தான்.

5. எங்கே கெட்டுப்போகும்

சேனலைப் பார்த்துவிட்டு யாராவது கேட்கும் கேள்விக்கு அட்மின் மாத்திரை பெயர் சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். இடம், நேரம், நம்பர் மட்டும் சொல்லலாம், மற்றதெல்லாம் 104க்கு.

"அவசரம், ரத்தம் தேவை" என்பதில் பாதி பழசாக இருக்கும். அந்த நம்பரைக் கூப்பிட்டு உறுதி செய்த பிறகு, ஆஸ்பத்திரி, ரத்த வகை, தேதி போட்டு விடுங்கள். தேவை முடிந்ததும் அழித்துவிடுங்கள். நோயாளி பெயர், படம், ஸ்கேன் எதுவும் வேண்டாம், வீட்டார் கேட்டாலும்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் பல ஊர்களில் கரண்டும் டவரும் சேர்ந்து போயின. அதனால் ஷீட்டின் முக்கியமான வரிகளைப் பெரிய எழுத்தில் ஒரே தாளில் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா நம்பரையும் கூப்பிட்டுப் பார்த்துப் புதுத் தாள் போட வேண்டும். ஒட்டும்போது பழையதைக் கிழித்துவிடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எது புதுசு என்று யாருக்கும் தெரியாது.