‘நல்லாத் தெரியும்’ என்று தோன்றும் விடையை எப்படிச் சோதிப்பது?

பதினொன்றாம் வகுப்பில் இயக்கவியல் பாடத்தை முடித்ததும் என் மாணவர்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது: நேர் மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு?

‘சுழி’ என்று பலர் யோசிக்காமல் எழுதிவிடுவார்கள். சரியான விடை 9.8 மீ/வி², கீழ்நோக்கி. புவியீர்ப்பு உச்சியில் ஓய்வெடுப்பதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், சூத்திரமும் மனப்பாடம். வாட்ஸ்அப்பில் வரும் புரளியை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்கிற பிள்ளைகள்தான். சொந்த விடையை மட்டும் கேட்பதில்லை, ஏனென்றால் அது தெரிந்த விஷயம் என்று மனம் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டது. தனக்கு எது தெரியும், எந்த அளவுக்குத் தெரியும் என்று கவனிப்பதுதான் மெட்டாகாக்னிஷன்; அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவெல் 1970களில் இதைத் தனி ஆய்வுத் துறையாக வளர்த்தார். அந்தக் கவனிப்பு இல்லாத இடத்தில் விமர்சன சிந்தனைக்கு வேலையே வராது. அதனால் கவனிப்பதிலிருந்து தொடங்குங்கள்.

நோட்டின் வலது ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு விடைக்கும் எதிரே ஓர் எழுத்து: உறுதி என்றால் ‘உ’, பாதி நம்பிக்கை என்றால் ‘பா’, குத்துமதிப்பு என்றால் ‘கு’. விடைக்குறிப்பைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பார்த்த பிறகு எல்லாமே ‘எனக்குத் தெரிந்ததுதான்’ என்று தோன்றும்.

படித்த சூட்டோடு எழுதாதீர்கள். மறுநாள், புத்தகத்தைத் திறக்காமல் எழுதுங்கள். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒரு குழு ஒரு பகுதியை நான்கு அமர்வுகளிலும் படித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு குழு ஒரே அமர்வில் படித்துவிட்டு, மற்ற மூன்றில் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் என்னை உலுக்குவது வேறொன்று: தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான். ஹைலைட்டர் போட்டுத் திரும்பத் திரும்ப வாசிக்கிற பிள்ளைக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும். பக்கம் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

இனி முக்கியமான வேலை. ‘உ’ போட்ட விடைகளுக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள். ஒன்று, ஏன் இதுதான் விடை? இரண்டு, இது தப்பு என்றால் எதனால் தப்பாக இருக்கும்? இரண்டாவது வரியைத் தவிர்க்கவே கூடாது. தன் விடைக்கு எதிரான காரணத்தை எழுதச் சொன்னால் அளவுக்கு மீறிய உறுதி குறைகிறது என்று உளவியலாளர் கோரியாட்டும் அவருடைய சகாக்களும் 1980லேயே காட்டியிருக்கிறார்கள்.

பந்துக்கு வருவோம். ஒரு மாணவி முதல் வரியில், “உச்சியில் பந்து நின்றுவிடுகிறது, அதனால் சுழி” என்று எழுதினாள். இரண்டாவது வரிக்கு வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுதியது: “முடுக்கம் சுழி என்றால் திசைவேகம் மாறாது. திசைவேகமும் சுழி. அப்படியென்றால் பந்து அங்கேயே நிற்கணுமே, ஏன் கீழே வருது?” நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளே அடித்துவிட்டுத் திருத்தினாள்.

திருத்தும்போது வெறும் சரி, தப்பு பார்க்காதீர்கள். ‘கு’ போட்டுச் சரியாக வந்ததைத் தெரிந்ததாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ‘உ’ போட்டுத் தப்பாக வந்ததற்குத்தான் ரிவிஷன் நேரத்தில் பெரும்பங்கைக் கொடுக்க வேண்டும். அங்கே ஒளிந்திருந்த விதி என்ன என்று எழுதுங்கள். மேலே சொன்ன கேள்வியில் அது ‘திசைவேகம் சுழி என்றால் முடுக்கமும் சுழி’. இதே விதி வேறெங்கே கவிழ்க்கும் என்று தேடுங்கள். அலைவுகள் பாடத்தில் தனிச்சீரிசை இயக்கம் (சுருள்வில்லில் கட்டிய எடை போல முன்னும் பின்னும் ஆடுவது) காத்திருக்கிறது: பொருள் கடைக்கோடியில் கணநேரம் நிற்கும்போதுதான் அதன் முடுக்கம் பெருமம்.

எல்லாக் கேள்விக்கும் இதைச் செய்தால் நோட்டுதான் தீரும். அலகு மாற்றுவது, சூத்திரத்தில் எண் போடுவது போன்றவற்றுக்கு ஓர எழுத்து மட்டும் போதும். ‘ஏன்’ என்று கேட்க இடமுள்ள கேள்விகளுக்கு இரண்டு வரியும் எழுதுங்கள்.

பெற்றோர் “படிச்சிட்டியா?” என்பதற்குப் பதில் “எதுல இன்னும் சந்தேகமா இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்று: ‘உ’ போட்டுத் தப்பாக எழுதிய பிள்ளையைத் திட்டாதீர்கள், மார்க்கும் குறைக்காதீர்கள். குறைத்தால் அடுத்த வாரமே வகுப்பு முழுக்க ‘பா’ போட ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு யாருக்கு எங்கே இடறுகிறது என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.