கிராஸ் கம்பைலில் ஸ்ட்ரிப்: இன்ஸ்டால் நேரத்துத் தவறுகள்

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் எம்பெடட் வேலைக்குப் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகள் பலரும் முதல் வாரத்திலேயே இதில் மாட்டுவார்கள். எக்ஸ்86 லேப்டாப்பில், 64 பிட் ஆர்ம் போர்டுக்கான கம்பைல் (ஒரு வகை ப்ராசசரில் இருந்துகொண்டு வேறு வகைக்கு நிரல் உருவாக்கும் கிராஸ் கம்பைல்) ஒழுங்காக முடிந்திருக்கும். 'மேக் இன்ஸ்டால்' கொடுத்ததும், கோப்பின் வடிவம் புரியவில்லை என்று ஸ்ட்ரிப் நின்றுவிடும். பைனரியிலிருந்து குறியீட்டுப் பெயர்களையும், பிழை தேட உதவும் டீபக் தகவலையும் நீக்கி, அதாவது உரித்து, அளவைக் குறைக்கும் கருவி அது.

மேக்ஃபைலில் 'இன்ஸ்டால் -எஸ்' இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அந்த '-எஸ்', கோப்பை நகலெடுத்த கையோடு பாத்தில் (கட்டளைகளைத் தேடும் அடைவுப் பட்டியலில்) கிடைக்கும் ஸ்ட்ரிப்பைக் கூப்பிடும். அது லேப்டாப்புக்கான ஸ்ட்ரிப். 'சிசி' மாறியில் கிராஸ் கம்பைலரைக் கொடுத்திருந்தாலும் பயனில்லை, இன்ஸ்டால் அதைப் பார்ப்பதே இல்லை.

இதைவிட மோசம், பிழையே வராமல் போவது. பல ப்ராசசர் கட்டமைப்புகளைப் புரிந்துகொள்ளும் பின்யூடில்ஸ் (ஸ்ட்ரிப் அடங்கிய கருவித் தொகுப்பு) உங்கள் கணினியில் இருந்தால் எல்லாம் சரியாக நடப்பதுபோல் தெரியும். பில்ட் சர்வரில்தான் உடையும்.

குனு இன்ஸ்டாலில் '--ஸ்ட்ரிப்-ப்ரோகிராம்' என்ற விருப்பம் உண்டு. கிராஸ் டூல்செயினின் (போர்டுக்கான கம்பைலரும் துணைக் கருவிகளும் அடங்கிய தொகுப்பின்) ஸ்ட்ரிப்பை அதில் கொடுக்கலாம். ஆனால் இன்ஸ்டாலின்போது எதையுமே உரிக்காமல் விடுவதுதான் எங்கள் பரிந்துரை. அந்த விருப்பத்துக்கு, எதுவும் செய்யாமல் முடியும் 'ட்ரூ' என்ற கட்டளையைக் கொடுத்தால் '-எஸ்' இருந்தும் கோப்பு அப்படியே இறங்கும். டெபியன் லினக்ஸின் பேக்கேஜ் கட்டும் கருவியான டெப்ஹெல்பரும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறது. உரிப்பதை டெஸ்ட்டிர் அடைவில் (இன்ஸ்டால் கோப்புகளைத் தற்காலிகமாகச் சேர்க்கும் இடத்தில்) தனிப் படியாகச் செய்துகொள்ளலாம்.

ஆட்டோமேக் பயன்படுத்தும் திட்டமென்றால், பில்டைத் தயார் செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்கு '--ஹோஸ்ட்' (நிரல் ஓடப்போகும் கணினி வகை) கொடுக்க மறக்காதீர்கள். அதைக் கொடுக்காமல், கணினியில் க்யூஎமு பின்எஃப்எம்டி (வேறு ப்ராசசருக்கான நிரலையும் ஓட்டிவிடும் வசதி) இயங்கினால் ஆர்ம் சோதனை நிரல் லேப்டாப்பிலேயே ஓடிவிடும். கான்ஃபிகரும் இதைச் சாதாரண பில்ட் என்று நம்பி, கிராஸ் ஸ்ட்ரிப்பைத் தேடாது. பெயரின் முன்னால் போர்டின் வகை இல்லாத, அதாவது முன்னொட்டில்லாத கருவியைப் பயன்படுத்துவதாக ஒரு எச்சரிக்கை வந்தாலும் கடந்து போகாதீர்கள். வேறு பில்ட் கருவிகளான சிமேக்கில் டூல்செயின் கோப்பு, மெசானில் கிராஸ் கோப்பு, இரண்டிலும் ஸ்ட்ரிப்பின் பாதையை எழுதிவிடுங்கள்.

எல்லாக் கோப்பையும் ஒரே மாதிரி உரிப்பதும் தவறு. '.ஏ' நூலகத்தை (பில்டின்போதே நிரலோடு இணையும் நூலகம்) முழுதாக உரித்தால் குறியீட்டு அட்டவணை போய்விடும், பிறகு லிங்க் ஆகாது. கெர்னல் மாட்யூலும் லோடு ஆகாது. இவ்விரண்டுக்கும் '--ஸ்ட்ரிப்-டீபக்' போதும். நிரல் ஓடும்போது இணையும் '.எஸ்ஓ' நூலகத்துக்கு '--ஸ்ட்ரிப்-அன்நீடட்' சரி.

டீபக் தகவலை எடுத்துவைக்காமல் உரிப்பதுதான் ஈடுசெய்ய முடியாத தவறு. வாடிக்கையாளரிடமிருந்து கோர் டம்ப் (நிரல் செயலிழந்த கணத்தின் நினைவகப் பதிவு) வரும் நாளில் கையில் வெறும் முகவரிகள்தான் மிஞ்சும். மறுபடி கம்பைல் செய்தால் அதே பைனரி கிடைக்கும் என்று நம்ப முடியாது. முதலில் கிராஸ் டூல்செயினில் உள்ள, பைனரியை நகலெடுத்து மாற்றும் கருவியான ஆப்ஜ்காப்பியை '--ஒன்லி-கீப்-டீபக்' விருப்பத்தோடு ஓட்டி டீபக் கோப்பைப் பிரித்தெடுங்கள். அடுத்து ஸ்ட்ரிப். கடைசியாக, உரித்த பைனரியை டீபக் கோப்போடு இணைக்க ஆப்ஜ்காப்பியின் '--ஆட்-குனு-டீபக்லிங்க்'. இந்த இணைப்பில் டீபக் கோப்பின் சிஆர்சி (உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் எண்) பதிவாகும். அந்தக் கோப்பைப் பின்னால் மாற்றினால், இந்த இணைப்பு வழியாகத் தேடும்போது டீபக்கரான ஜிடிபி ஏற்காது. டீபக் கோப்புகளை வெளியீட்டு எண்வாரியாகச் சர்வரில் வையுங்கள். பைனரியின் விவரங்களைக் காட்டும் ரீட்எல்ஃப் கருவிக்கு '-என்' கொடுத்து, போர்டுக்குப் போகும் பைனரியிலும் டீபக் கோப்பிலும் பில்ட் ஐடி (அந்த பில்டின் அடையாள எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே இமேஜை அனுப்புங்கள்.