பெட்ரோலுக்கு முள்ளோடை போறதுக்கு முன்னாடி டயர்ல காத்து பாருங்க

கடலூர்காரங்க பாதி பேருக்கு பெட்ரோல்னா முள்ளோடை தாண்டிதான், பாண்டி பக்கம் வெல கம்மின்னு அதுக்காகவே வண்டிய எடுப்போம். ஆனா டயர்ல காத்து 24 பிஎஸ்ஐக்கு (காத்தழுத்தத்த அளக்குற அளவு) எறங்கிக் கெடந்தா அங்க மிச்சம் புடிச்சத வர்ற வழியிலேயே ரோட்ல தேச்சுட்டு வர்றோம்னு அர்த்தம். நானும் ஸ்டியரிங் கனமா இருக்கு, பிக்கப் இல்லன்னு ரொம்ப நாள் இஞ்சினத்தான் திட்டிட்டு இருந்தேன்.

மொதல்ல டிரைவர் கதவத் தொறங்க. கதவு மூடுற எடத்துல இருக்குற தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டில பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம். முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோ, ஆளு நெறைய ஏறுனா எவ்ளோன்னு போட்டிருக்கும், அதான் உங்க நம்பர். டயர் மேலேயே எழுதியிருக்கே அது அந்த டயர் தாங்குற உச்சம், அதப் பாத்து அடிச்சிடாதீங்க, வண்டி தூக்கித் தூக்கிப் போடும், பிரேக்கும் சரியா புடிக்காது.

அடுத்து கேஜ், அதான் காத்து எவ்ளோ இருக்குன்னு காட்டுற கருவி. காலைல வண்டிய நகத்துறதுக்கு முன்னாடி வால்வு மூடியக் கழட்டி கேஜ நேரா வெச்சு அழுத்துங்க, புஸ்ஸுன்னு சத்தம் வந்துட்டே இருந்தா சாஞ்சிருக்குன்னு அர்த்தம், அந்த ரீடிங்க நம்பாதீங்க. ஏன் காலைலன்னா, ஓடுன டயர் சூடாகி 3, 4 பிஎஸ்ஐ ஏறிடும், பங்க்ல போய் பாத்தா 33 காட்டும், ஆனா ஆறுனதும் அது 29தான். அதனால வீட்லயே ஸ்டிக்கர் நம்பருக்கு எவ்ளோ கொறையுதுன்னு குறிச்சுக்குங்க. 5 கொறைஞ்சா பங்க்ல அப்ப என்ன காட்டுதோ அதுக்கு மேல 5 ஏத்துங்க. சூட்டுல கூடுதலா காட்டுதேன்னு காத்த எறக்கவே எறக்காதீங்க.

அடிச்சதும் வால்வு மேல எச்சி தொட்டு வைங்க. முட்டை விட்டா வால்வு போச்சு. வால்வு நல்லாருந்தும் வாராவாரம் எறங்குதுன்னா ரிம்மோட ஓரத்தப் பாக்கச் சொல்லுங்க, நம்ம உப்புக்காத்துக்கு அங்க அரிச்சு டயர் சரியா ஒக்காராது.

இப்ப ரிம். அலாய்னாலே வெயிட் கம்மின்னு நெனச்சு பழைய 14 இஞ்ச் இரும்பு ரிம்ம மாத்தி 16 இஞ்ச் போட்டேன், பாக்க ஜம்முனுதான் இருந்துச்சு, வண்டி மந்தமாயிடுச்சு. சந்தேகம் வந்து ஆளு வெயிட் பாக்குற மெஷின்ல ஏத்துனா ஸ்டெப்னில இருந்த பழசு டயரோட 14.5 கிலோ, புதுசு 17.5. மூணு கிலோதானேன்னு தோணும், ஆனா சக்கரத்த முன்னாடி தள்ளவும் வேணும், சுத்தவும் வேணும், சீட்ல மூணு கிலோ வெச்ச மாதிரி கெடையாது. அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழ தொங்குற வெயிட்டு, பள்ளத்துல எறங்குனா சக்கரம் சட்டுனு ரோட்டத் தொடாம குதிக்கும். அதனால வாங்குற எடத்துலயே ரிம் எத்தன கிலோன்னு கேளுங்க, டயரோட மொத்த உயரம் பழசு மாதிரியே வருதான்னும் பாருங்க, இல்லன்னா ஸ்பீடாமீட்டர் தப்பா காட்டும்.

வெயிட் பாக்க ஸ்டெப்னிய வெளிய எடுத்தீங்கன்னா அதுலயும் ஒரு தடவ கேஜ வெச்சுட்டு உள்ள போடுங்க. என்னோடதுல 14 பிஎஸ்ஐதான் இருந்துச்சு.