ரெண்டு உயிரும் தப்பின பிறகு: தாயைக் கவனிக்கிற விதம்

என்ர இரண்டாவது பிள்ளை 32 கிழமையில பிறந்தவள். பிறசர் ஏறி, துணுக்காயில இருந்து அம்புலன்சில கொண்டுபோய், அண்டிரவே சீசர். அவள் 19 நாள் குறைமாதப் பிள்ளையளின்ர அறையில, நான் வெறுங்கையோட வார்ட்டில. வந்த சனமெல்லாம் "ரெண்டு உயிரும் தப்பினது பெரிய காரியம்" எண்டிச்சினம். அதுக்குப் பிறகு, எனக்கு ஒண்டும் பிடிக்கேல்லை எண்டு ஆரிட்ட வாய் திறக்கிறது? அம்மா வேற, "2009இல நாங்கள் பங்கருக்குள்ள பெத்துப்போட்டு எழும்பி ஓடினனாங்கள்" எண்டா.

பிறசர், சலரோகம், கடும் ரத்தப்போக்கு, குறைமாதம், அவசர சீசர், இப்பிடி எதிலயாவது மாட்டுப்பட்டவளுக்கு மனச்சோர்வு வாற சாத்தியம் மற்றத் தாய்மாரைவிடக் கூட. முந்தி மனவருத்தம் இருந்திருந்தால் அதைக் கிளினிக்கிலயே குடும்பநல மிஸ்ஸிட்டச் சொல்லிவையுங்கோ. வீட்டில குடி, அடி எண்டால் தனியக் கூப்பிட்டுச் சொல்லுங்கோ.

பிள்ளை பிறந்த பிறகு, துடக்கு எண்ணேக்க இதையும் சேர்த்து எண்ணுங்கோ. மூண்டாம் நாள், நாலாம் நாள் காரணமில்லாமல் கண்ணீர் வரும். அது கனபேருக்கு வாறது, இரண்டு கிழமைக்குள்ள அடங்கிவிடும். அடங்கேல்லையோ, 31 கழியட்டும் எண்டு பார்த்துக்கொண்டிருக்காதேங்கோ.

என்னைக் காட்டிக்குடுத்தது அழுகை இல்லை, நித்திரை. பிள்ளை நித்திரை, வீடே நித்திரை, நான் முகட்டைப் பார்த்தபடி அவளின்ர மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பன். தூக்கினால் ஆற்றையோ பிள்ளையைத் தூக்கின மாதிரி. சரக்குக்கறி வாயில வைக்கேலாது.

ஒரு மாசமளவில பத்துக் கேள்வித் தாள் ஒண்டு தருவினம், போன 7 நாளும் மனம் எப்பிடி இருந்தது எண்டு. நான் மாமி பக்கத்தில இருக்க நிரப்பினன், எல்லாத்துக்கும் நல்ல பதில்! தனிய இருந்து நிரப்புங்கோ. கடைசிக் கேள்வி தனக்குத்தானே கேடு செய்யிற எண்ணத்தைப் பற்றினது. பிள்ளையைப் பறிக்கிறதுக்காகக் கேக்கிற கேள்வி இல்லை அது, எப்பவாவது ஒருக்கா வந்திருந்தாலும் மறைக்காதேங்கோ. இரவில தாங்கேலாமல் வந்தால் 1926 மனநல உதவி இலக்கம்.

டொக்டரிட்டப் போனால் ரத்தம் குறைவோ, தைரொய்ட் பிழையோ எண்டும் பார்க்கச் சொல்லுங்கோ, ரெண்டும் ஆளைச் சோர்த்துப்போடும். பால் குடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்து இருக்கு. சுகமாயிருக்கு எண்டு நீங்களா நிப்பாட்டக்கூடாது.

நாள்கணக்கா நித்திரையே இல்லாமல், இல்லாத குரல் கேக்குது எண்டு கதைச்சால், ஒருதரும் இல்லாத பக்கம் பார்த்துப் பயந்தால், அண்டைக்கே ஆசுப்பத்திரி. முறிகண்டிப் பிள்ளையார் கோவிக்கமாட்டார், அவரிட்டப் பிறகு போகலாம். பிறசர் வந்தவளுக்குக் கடும் தலையிடியும் கண் மங்கலும் எண்டாலும் அப்பிடித்தான். "யோசிச்சு யோசிச்சு வந்தது" எண்டு சொல்லி இருத்திவைக்காதேங்கோ.

என்னை எழுப்பினதில பாதி, இவர் எடுத்த ஒரு வேலை. நான் எடுத்து வைக்கிற பாலை இரவு ஒரு தரம் அவரே கோப்பையால பருக்குவார், எனக்கு ஒரே இழுவையில ஐஞ்சு மணித்தியாலம். பிறகு விடிய வயலுக்கு ஓடுவார். முதல் ரெண்டு நாள் பிள்ளையின்ர கழுத்தெல்லாம் பால்தான்.

பிள்ளை பார்க்க வாறவை, தாயிட்ட "இரவு படுத்தனியோ?" எண்டு கேளுங்கோ. கையோட ஒரு சட்டி சோறு கொண்டு வாங்கோ. சவுக்காரப் பெட்டி எங்கட வீட்டில இன்னும் ஏழு கிடக்கு.