பையில் அடங்கும் ஹாம் நிலையம்: நான் ஏமாந்த இடத்தில் நீங்களும் ஏமாற வேண்டாம்

சென்ற வாரம் புதிதாக ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் வாங்கிய மூவருடன் ஒரு குன்றின்மேல் உட்கார்ந்திருந்தேன். மூவரிடமும் கையடக்கமான புது ரிக், அதாவது பேசவும் கேட்கவுமான ரேடியோ. அதன் தலையிலேயே ஒரு மீட்டர் சொச்சத்தில் குச்சி மாதிரி விப் ஆன்டெனா. 7 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். (ரிக்கும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.2 காட்டியதும் முகமெல்லாம் சிரிப்பு. ‘யாராவது பதில் சொல்லுங்கள்’ என்று ஒன்றரை மணி நேரம் சி.க்யூ. அழைத்தார்கள். ஒரு குரலும் திரும்பி வரவில்லை. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை; நானும் அப்படி அழைத்துத் தொண்டை வறண்டவன்தான்.

ஆன்டெனா மாட்டாமல் பி.டி.டி.யை (பேசும்போது அழுத்தும் பொத்தானை) அழுத்துவது, பேட்டரியைத் தலைகீழாக இணைப்பது எல்லாம் கையேட்டிலேயே இருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடையை ஆன்டெனாவில் குறைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. 1.2 மீட்டர் விப்பின் கதிர்வீச்சுத் தடை (பவரை அலையாக வெளியேற்றும் பங்கு) 7 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 0.3 ஓம்தான். அப்படியிருக்க மீட்டர் எப்படி, ரிக் எதிர்பார்க்கும் 50 ஓமுக்குப் பக்கத்தில் காட்டுகிறது? மீதி அத்தனையும் லோடிங் காயிலின் (குட்டை ஆன்டெனாவை ஈடுகட்டும் கம்பிச்சுருளின்) தடை, மண்ணின் தடை. 50இல் 0.3 என்றால், 5 வாட்டில் வானத்துக்குப் போவது 30 மில்லிவாட் அளவுதான். மற்றதெல்லாம் காயிலையும் மண்ணையும் சூடாக்கிவிட்டுப் போகிறது. சோதனைக்காக ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் டம்மி லோடும் எஸ்.டபிள்யூ.ஆர். 1 காட்டும், அதை வைத்துக்கொண்டு யாரும் ஊர் விட்டு ஊர் பேசுவதில்லை.

இதில் இன்னொரு கொடுமை. யாரோ சொன்னார்கள் என்று விப்பின் அடியில் நான்கு கவுண்டர்பாய்ஸ் கம்பிகளை (மண்ணுக்குப் பதில் கரண்ட் திரும்பி வரும் கம்பிகளை) விரிப்பார்கள். மண்ணில் போன இழப்பு குறையும், மொத்தத் தடை இறங்கும், எஸ்.டபிள்யூ.ஆர். 1.2இலிருந்து 2க்கு மேல் ஏறும். உடனே பதறிப்போய்க் கம்பிகளைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். கம்பியை அப்படியே விட்டு, அடியில் மேட்சிங்கைச் சரிசெய்ய வேண்டிய இடம் அது!

நான் என்ன செய்தேன் தெரியுமா? ரிக்கில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, நஷ்டத்துக்கு விற்றேன். 100 வாட் ரிக் வாங்கினேன். அது பேசும்போது 20 ஆம்பியர் கேட்கும்; அதற்கென்று பெரிய பேட்டரி, தடித்த ஒயர். தோள்பட்டை இரண்டும் விட்டுப்போயின. 5 வாட்டிலிருந்து 100 வாட்டுக்கு ஏறினால் கிடைப்பது 13 டெசிபெல், எதிர்முனையில் சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டரில் இரண்டு புள்ளிக்குச் சற்று மேல். விப் விழுங்கியதோ 22 டெசிபெல்.

கடைசியில், மலையில் பழக்கமான ஒரு பெரியவர் என் மூட்டையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ரேடியோ கிடக்கட்டும் தம்பி, கம்பி எத்தனை மீட்டர்?” என்றார். தன்னிடமிருந்த 20 மீட்டர் மெல்லிய கம்பியையும் கம்பியின் உயர்ந்த தடையை ரிக்குக்கு ஏற்ப இறக்கும் 49:1 டிரான்ஸ்ஃபார்மரையும் கொடுத்தார். மரக்கிளையில் கல்லைக் கட்டி எறிந்து ஏற்றினோம். 7 மெகாஹெர்ட்ஸில் அது அரை அலை, 14இல் முழு அலை, இரண்டிலும் பேசலாம். பவரை 5 வாட்டுக்கு இறக்கச் சொன்னார். மூன்றாவது அழைப்பிலேயே பதில். விற்ற ரிக்கின் ஞாபகம் வந்து வயிறு எரிந்தது.

பேட்டரி

எல்லோரும் பேசும்போது ஆகும் கரண்டைக் கணக்குப் போடுகிறார்கள். பொழுதில் பாதிக்கு மேல் கேட்டுக்கொண்டுதான் இருப்போம். கேட்கும்போதே 1 ஆம்பியர் இழுக்கும் ரிக் என்றால், நான்கு மணி நேரத்தில் வாய் திறக்காமலே 4 ஆம்பியர்-அவர் காலி. மோர்ஸுக்கென்றே செய்த சின்ன ரிக்குகளில் சில 50 மில்லிஆம்பியரைக்கூடத் தொடாது. அதைப் பார்த்த பிறகு பேட்டரி வாங்குங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 4 செல், 12.8 வோல்ட், கடைசி வரை வோல்டேஜ் பெரிதாக இறங்காது. சார்ஜர் மட்டும் அதற்கென்று செய்ததாக இருக்கட்டும்.

ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் 2 மீட்டர் நீளத்தில் 20 ஆம்பியர் ஓடினால், போக வர 1.8 வோல்ட் போய்விடும். பேச ஆரம்பித்ததும் ரிக் அணைந்துபோவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

சோலார் கன்ட்ரோலர்

சோலார் பலகையிலிருந்து பேட்டரியை ஏற்றும் இதைக் கேட்கும்போது கழற்றி வையுங்கள். பேண்ட் முழுக்க இரைச்சல் போடும்.

கம்பு

கம்பியைத் தூக்கி நிறுத்தக் கார்பன் தூண்டில் கம்பு வேண்டாம், மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடி இழைக் கம்புதான் வேண்டும்.

கேபிள்

ரிக்கிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் மெல்லிய கேபிள் ஆர்.ஜி. 174, 5 மீட்டர் வரை சரி. 20 மீட்டருக்கு நினைக்கவே வேண்டாம்.

அடாப்டர்

பி.என்.சி.யிலிருந்து பி.எல். 259க்கு (இரண்டும் கேபிள் கனெக்டர் வகைகள்). இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்று புல்லுக்குள் விழுந்து தொலையும்.