கொடிய வழக்கத்தைச் சிறுகதையாக்குவது எப்படி

கொடிய வழக்கம் ஒன்றைப் பற்றிச் சிறுகதை எழுத உட்காருபவர் முதலில் தம் கோபத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக எடுத்து வைக்க வேண்டும். கோபமே கூடாது என்று சொல்லவில்லை. அது இல்லாதவருக்கு இப்படிப்பட்ட கதையை எழுதவே தோன்றாது. ஆனால் கோபம் ஆறாமல் எழுதப்படும் முதல் வரைவில் தவறாமல் இரண்டு பேர் வந்து சேர்ந்துவிடுகிறார்கள்: மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கும் ஊர்ப் பெரியவர் ஒருவர், நகரத்தில் படித்துவிட்டு வந்து அவரை எதிர்த்துப் பேசும் இளைஞர் ஒருவர். இவர்கள் வந்த பிறகு கதையில் மற்றவர்களுக்கு வேலையில்லை. கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவது அந்த மற்றவர்களுடைய கதை என்பதால், எழுத வந்த பொருளே அத்தோடு கைநழுவிப் போகிறது.

இந்தப் பொருளைக் கையாளக் கற்றுக்கொள்ள அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனின் ‘லாட்டரி’ கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 1948 ஜூன் 26 தேதியிட்ட நியூயார்க்கர் இதழில் வெளிவந்த அந்தக் கதையில், ஏறத்தாழ 300 பேர் வசிக்கும் ஓர் அமெரிக்கச் சிற்றூர் ஜூன் 27ஆம் நாள் காலை பத்து மணிக்குத் திடலில் கூடுகிறது. பெட்டியிலிருந்து சீட்டு எடுக்கிறது. கறுப்புப் புள்ளியிட்ட சீட்டு விழுந்த பெண்ணைக் கல்லால் அடிக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். கதைச்சுருக்கத்தைத் தெரிந்துகொண்டு வாசித்தாலும் அதன் வலு குறைவதில்லை. எனவே இறுதித் திருப்பத்தை மட்டும் நகல் எடுக்க முயல்பவர்கள் வீணாக உழைக்கிறார்கள் என்றே சொல்வேன். கற்றுக்கொள்ள வேண்டியது அதற்கு முந்தைய பக்கங்களை.

அந்தப் பக்கங்களில் நிறைந்திருப்பவை ஏற்பாடுகள். சீட்டு எடுப்பை நடத்தும் சம்மர்ஸ் நிலக்கரி வியாபாரி. ஊரின் நடன நிகழ்ச்சிகளையும் அவரே நடத்துகிறார், ஏனென்றால் பொதுக் காரியங்களுக்குச் செலவிட அவருக்கு நேரம் இருக்கிறது. கறுப்புப் பெட்டி ஒரு வருடம் ஒருவருடைய கொட்டகையில் கிடக்கும், இன்னொரு வருடம் அஞ்சல் அலுவலகத்தில் காலில் இடறிக்கொண்டிருக்கும், சில வருடம் மளிகைக்கடை அலமாரியில் இருக்கும். வண்ணம் உதிர்ந்த அந்தப் பெட்டிக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று செய்யலாம் என்று பேச்சு எழும், பிறகு அடங்கிவிடும். ஒரு காலத்தில் சொல்லப்பட்ட மந்திரம் போன்ற ஏதோ ஒன்று மறந்துபோயிற்று, மரச்சில்லுகளுக்குப் பதில் காகிதச் சீட்டு வந்துவிட்டது, முதல் பெட்டி தொலைந்துவிட்டது. ஆனால் கல்லை எடுக்க வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நீங்கள் எழுதப்போகும் வழக்கத்துக்கும் இதேபோல ஒரு பட்டியல் போடுங்கள்: அதற்கான பொருள் எங்கே வைக்கப்பட்டிருக்கும், யார் எடுத்துவருவார், செலவு யாருடையது, எந்தச் சடங்கு குறைந்துபோயிற்று, எது குறையவே இல்லை. ஏன் இந்த வழக்கம் என்பதற்கான விளக்கத்தை மட்டும் கதைக்குள் கொண்டுவராதீர்கள். காரணம் தெரிந்தவர்கள் விவாதிப்பார்கள். கீழ்ப்படிகிறவர்களுக்குக் காரணம் தேவைப்படுவதில்லை.

எதிர்ப்புக் குரலை எவ்வளவு அனுமதிப்பது என்பது அடுத்த கேள்வி. ஜாக்சனின் கதையில் சில ஊர்களில் இதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று ஒரு தம்பதி தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். 77ஆவது முறையாகச் சீட்டு எடுக்க வந்திருக்கும் கிழவர் வார்னர், ஜூனில் சீட்டு எடுத்தால்தான் சோளம் விளையும் என்ற பொருளில் ஒரு பழமொழியைச் சொல்லி கைவிடுகிறவர்களைப் பைத்தியக்காரர்கள் என்கிறார். அவ்வளவுதான் விவாதம். கடைசிப் பத்திகளில் அந்தத் தம்பதியில் கணவர் கூட்டத்தின் முன்வரிசையில் நிற்பதைக் கவனிக்காமல் தாண்டிவிடாதீர்கள். பத்து வரி வசனத்தைவிட அந்த இடம் அதிகம் பேசுகிறது.

பலியாகிறவரைத் தூய்மையான தியாகியாக்குவதும் பெரும்பாலான வரைவுகளில் காணும் பிழை. ஜாக்சனின் கதையில் கல்லடிபடும் டெஸ்ஸி ஹட்சின்சன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்ததில் நாளை மறந்து தாமதமாக ஓடிவருகிறாள், கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே தோழியிடம் சிரித்துப் பேசுகிறாள். சீட்டு தன் குடும்பத்துக்கு விழுந்ததும் நியாயமில்லை என்று கத்துகிறாள்; ஆனால் அவள் குறைசொல்வது அன்றைய சீட்டு எடுப்பு நடந்த விதத்தை, வழக்கத்தையல்ல. மணமாகிப் போன மகளையும் சேர்த்துச் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்கும்போது, தன் தலை தப்ப மகளை முன்னே தள்ளுகிறாள். சற்றுமுன் சிரித்துப் பேசிய தோழி இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவுக்குப் பெரிய கல்லாகப் பார்த்து எடுக்கிறாள். நம் பக்கத்துப் பழம்பாடல் ஒன்று வேறு கோணத்தைக் காட்டுகிறது. புறநானூற்றின் 246ஆம் பாட்டில், பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு தீப்பாயப் போகிறாள், தடுப்பவர்கள் சான்றோர்கள். அவர்களைக் கடிந்துகொள்ளும்போது, கைம்பெண் உண்ணும் நெய்யில்லாச் சோற்றையும் வேளைக்கீரையையும், பாயில்லாமல் பரல்கல் மேல் படுப்பதையும் அவள் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். ஒரு கொடுமையிலிருந்து தப்ப இன்னொன்றை விரும்பித் தேர்வதாகத்தான் நான் அதை வாசிக்கிறேன். விரும்பிக் கீழ்ப்படிகிறவரைக் கதையில் வைக்க எண்ணினால், அந்த விருப்பம் எந்தச் சோற்றிலிருந்தும் எந்தப் படுக்கையிலிருந்தும் பிறந்தது என்று இப்படித்தான் காட்ட வேண்டும்.

என்னிடம் சிறுகதைப் பயிற்சிக்கு வந்த ஒருவர் தலைக்கூத்தல் பற்றி எழுதினார். விருதுநகர் உள்ளிட்ட தென்மாவட்டங்களில், படுக்கையில் விழுந்த முதியவரை விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்துச் சாகவிடும் வழக்கம் அது. முதல் வரைவில் பேரன் ஒருவன் இரண்டு பக்கத்துக்கு அழுதுகொண்டே அறம் பேசினான். பேரனை எடுத்துவிட்டு, குளிப்பாட்டும் காலையை மட்டும் எழுதச் சொன்னேன். அடுத்த வரைவில் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய இளைய மகனின் பேருந்து தாமதமாகிறது. எண்ணெயை மறுபடி சுடவைக்கிறார்கள். கிழவியின் மகள் அண்ணியிடம் சொல்கிறாள்: “மதினி, சூடு கூடிராம பாத்துக்கோங்க, அம்மாவுக்குச் சூடு தாங்காது.” அந்த ஒரு வரிக்குப் பிறகு கொடூரம், மூடநம்பிக்கை, பாவம் என்ற சொற்கள் எவையும் கதைக்குத் தேவைப்படவில்லை; இருந்த ஐந்து இடங்களிலும் அடித்துவிட்டோம். நீங்களும் வரைவு முடிந்ததும் இத்தகைய சொற்களைத் தேடி எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். எங்கே கதை தொய்கிறதோ அங்கே ஒரு செயல் விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

முடிவைப் பொறுத்தவரை, கைகள் வேலையைத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். சாவையும் அதற்குப் பிந்தைய வருத்தத்தையும் வாசகரிடம் விட்டுவிடலாம். ஜாக்சனின் கதையில் டெஸ்ஸியின் சின்ன மகன் டேவியின் கையிலும் யாரோ சில கூழாங்கற்களைக் கொடுக்கிறார்கள். கூட்டம் அவள் மேல் பாயும்போது கதை நின்றுவிடுகிறது. கதை வெளிவந்த அந்தக் கோடையில் ஜாக்சனுக்கு 300க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. அவற்றில் சிலர் கேட்டது, இந்தச் சீட்டு எடுப்பு எந்த ஊரில் நடக்கிறது, நேரில் போய்ப் பார்க்கலாமா என்பது.

எழுதி முடித்ததை அந்த வழக்கம் தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுவது கடைசிப் படி. தலைக்கூத்தல் கதையை அதே வட்டாரத்துப் பாட்டி ஒருவரிடம் வாசித்துக் காட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டவர், மகள் பேசும் இடத்தில் தலையை ஆட்டினார். முடிந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: “எல்லாம் சரிதான்யா, இளநி ஒரு கொலை பத்தாதே.” இரண்டு குலை என்று திருத்திக்கொண்டோம்.